நீதிபதியின் சேம்பரில் லா கிளார்க்: முதல் சில மாதங்களில் கற்றவை

சட்டக் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம், வழக்குக் கட்டுகளைப் படித்துக் குறிப்பெழுதி உதவும் லா கிளார்க்காகச் சேருகிறவர்கள், இனி நாள் முழுவதும் சட்டம் பேசலாம், அரசமைப்புச் சட்டக் கேள்விகளை அலசலாம், பழைய தீர்ப்புகளைத் தேடிக் கொடுக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு வருகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நான் பார்த்த வரையில், இந்த வேலையில் திணற வைப்பது சட்டத்தைவிடக் கேஸ் கட்டுதான். முந்நூறு பக்கக் கட்டு ஒன்றைப் பிரித்து, வந்திருப்பவர் என்ன கேட்கிறார், எந்த உத்தரவை எதிர்த்துக் கேட்கிறார், அதைக் கொடுக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா, கொடுக்கக் கூடாது என்பவர் எதைக் காட்டுகிறார் என்ற நான்கையும் பக்க எண்ணோடு சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு அது படிய மாதங்கள் பிடித்தன. இனிமேல் சேரப்போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன். வழக்குகளின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நீதிபதியின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

மறுநாளுக்கான வழக்குப் பட்டியல் முந்தின நாள் மாலையில் வெளியாகும். நீதிமன்றம் காலை 10.30 மணிக்கு அமரும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் லா கிளார்க்குக்குக் கிடைப்பது. புதிய மனுக்கள் மிகுந்த நாளில் பட்டியல் நூறைத் தாண்டிவிடும். எல்லாக் கட்டுகளையும் ஒரே ஆழத்தில் படிக்க முடியாது, படிக்கத் தேவையும் இல்லை. “நான் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கும்படி தாசில்தாருக்கு உத்தரவிட வேண்டும்” என்று மட்டும் கேட்கும் ரிட் மனுக்கள் எங்கள் நீதிமன்றத்தில் ஏராளம். அவற்றில் மனு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, யாரிடம் கொடுக்கப்பட்டதோ அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா, ஒப்புகை அட்டை கட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் குறிப்பு இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தினால்தான் பட்டியலின் கடைசியில் இறுதி விசாரணைக்கு வந்திருக்கும் இரண்டாம் மேல்முறையீட்டை (முதல் மேல்முறையீட்டுத் தீர்ப்பை எதிர்த்து வருவது) பக்கம் பக்கமாகப் படிக்க முடியும். சட்டக் கல்லூரியில் எதையும் விடாமல் படிப்பவரே நல்ல மாணவர்; சேம்பரிலோ எதை எவ்வளவு படிக்க வேண்டும் என்று கட்டைத் திறந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானிப்பவர்தான் தாக்குப் பிடிக்கிறார்.

படிக்கும் வரிசையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீதிபதியின் நேர்முகச் செயலர். பல நீதிபதிகளிடம் பணியாற்றிய அம்மையார் அவர். நான் கட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதைப் பார்த்துவிட்டு, “மொதல்ல கீழ்க்கோர்ட்டு உத்தரவ எடும்மா. கிரவுண்ட்ஸ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அது முழுக்க முழுக்கச் சரியான ஆலோசனை. மனுவோடு வரும் பிரமாணப் பத்திரம் ஒரு தரப்பின் கதையைத்தான் சொல்லும். அதை முதலில் படித்தால் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பிறகு படிக்கும் ஒவ்வொன்றையும் அந்தச் சாய்வோடுதான் படிப்போம். மேல்முறையீட்டுக் காரணங்களோ பெரும்பாலும் பழைய கட்டுகளிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை. கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்தின் கனத்துக்கும் முரணானது என்று தொடங்கும் முதல் காரணம் எந்த மேல்முறையீட்டிலும் இருக்கும். அதிலிருந்து எதுவும் தெரியவராது. எனவே, எதிர்க்கப்படும் உத்தரவு முதலில், அதன்பின் மனுவின் கடைசியில் இருக்கும் பரிகாரக் கோரிக்கை, மூன்றாவதாக இந்த வழக்கில் ஏற்கெனவே பிறப்பிக்கப்பட்ட இடைக்கால உத்தரவுகள், அதற்கும் பிறகே காரணங்களும் டைப்டு செட்டும் (பக்க எண்ணிட்ட ஆவணத் தொகுப்பு) என்று வைத்துக்கொண்டேன். இடைக்கால உத்தரவுகளைத் தவறவே விடக் கூடாது. தடை உத்தரவு நீடிக்கிறதா, எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது, அந்த நிபந்தனை நிறைவேற்றப்பட்டதா என்பதைத்தான் நீதிபதி பல சமயம் முதலில் கேட்பார்.

தேதிகளை நாமே வரிசைப்படுத்தி எழுதிக்கொள்ளவேண்டும் என்பது அடுத்த பாடம். வழக்கறிஞர் கொடுக்கும் தேதிப் பட்டியலில் அவருக்குப் பிடிக்காத தேதி விட்டுப்போயிருக்கலாம். கீழமை நீதிமன்றத் தீர்ப்பின் நகலுக்கு என்றைக்கு விண்ணப்பித்தார்கள், என்றைக்கு நகல் தயாரானது, இங்கே என்றைக்குத் தாக்கல் செய்தார்கள் என்ற மூன்றையும் நகலின் பின்புறத்தில் உள்ள முத்திரைகளிலிருந்து எடுத்து எழுதினால், உயர் நீதிமன்றத்துக்கான 90 நாள் மேல்முறையீட்டுக் காலவரம்புக்குள் வழக்கு வந்ததா என்பது தானாகத் தெரிந்துவிடும். ஜாமீன் மனுக்களில் நாள்கணக்கு இன்னும் கூர்மையானது. குற்றப்பத்திரிகை 60 நாளில் அல்லது 90 நாளில் வராவிட்டால் கைதிக்கு டிஃபால்ட் ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. காவலுக்கு அனுப்பிய முதல் நாளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அமலாக்கத் துறை எதிர் கபில் வாதவன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023-இல் தெளிவுபடுத்தியது. ஒரு நாள் முன்னே பின்னே போனால் ஒருவர் சிறையிலிருந்து வெளியே வருவதும் வராததும் மாறும். அதனால் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து, விரல்விட்டு எண்ணிப் பார்த்து, பிறகு இன்னொருவரையும் எண்ணச் சொல்வது எங்கள் சேம்பரின் வழக்கமாக இருந்தது.

நிலத் தகராறு பற்றிய இரண்டாம் மேல்முறையீடுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லூரி எதையும் சொல்லித்தராத பகுதி இதுதான். ஒரு வழக்கில் 1960-களில் எழுதப்பட்ட கிரயப் பத்திரம் 42 சென்ட் என்றது, பட்டாவோ 0.14.0 ஹெக்டேர் என்றது. ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஏர்; 14 ஏர் என்பது ஏறக்குறைய 34½ சென்ட்தான். மீதி ஏழரை சென்ட் யாருடையது என்பதற்காக இரண்டு குடும்பங்கள் ஒரு தலைமுறைக் காலம் மூன்று நீதிமன்றப் படிகள் ஏறியிருந்தன. ஏக்கருக்கு நூறு சென்ட், ஹெக்டேருக்கு 2.47 ஏக்கர் என்ற வாய்ப்பாடு கைவசம் இல்லாதவர் இந்தக் கட்டில் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிடுவார். அதன்பின் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, படிக்க வேண்டும்: வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னாருடைய புஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை, “இந்நான்கெல்லைக்குட்பட்ட” நிலம் இவ்வளவு என்று வரும். சொல்லப்பட்ட பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் மேலோங்கும் என்பது நம் நீதிமன்றங்களில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட விதி. எனவே வழக்கின் உயிர் சென்ட் கணக்கில் இருந்து நழுவி, அந்த வாய்க்கால் இன்றும் அங்கேதான் ஓடுகிறதா என்ற கேள்விக்குப் போய்விடுகிறது.

ஆனால் அந்தக் கேள்விக்கு உயர் நீதிமன்றமே விடை தேடப் புறப்பட முடியாது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, கணிசமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே இரண்டாம் மேல்முறையீட்டை ஏற்க முடியும். அத்தகைய கேள்வி எது என்பதை சந்தோஷ் ஹசாரி எதிர் புருஷோத்தம் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இல் விளக்கியிருக்கிறது. நான் பரப்பையும் எல்லையையும் பற்றி நீண்ட குறிப்பு எழுதிக் கொடுத்தேன். நீதிபதி அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார்: நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் இடத்தைப் பார்வையிட்டு அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்திருக்கிறாரா, முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கிறதா? அறிக்கை கட்டில் இருந்தது. தீர்ப்பில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. முக்கியமான சாட்சியத்தைக் கண்ணெடுத்தும் பாராமல் முடிவுக்கு வருவது சட்டக் கேள்வியாகிவிடுகிறது. பல ஆண்டுகள் விசாரணை நீதிமன்றங்களில் வழக்கு நடத்தியவர்களுக்கு இந்தக் கண் தானாக வந்துவிடுகிறது. நமக்கு வர வேண்டுமானால், கீழமை நீதிமன்றத் தீர்ப்பில் எழுதியிருப்பதைப் படிப்பதோடு அதில் எழுதாமல் விட்டதையும் தேட வேண்டும். ஆவணக் குறியீட்டுப் பட்டியலைத் தனியே எடுத்து வைத்து, தீர்ப்பு எந்தெந்த ஆவணத்தைத் தொட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக டிக் செய்வதே அதற்கு நான் கண்ட எளிய வழி.

சாட்சியங்களைப் படிப்பதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். உயர் நீதிமன்றத்தில் வாதம் ஆங்கிலத்தில் நடந்தாலும், மாவட்ட நீதிமன்றங்களில் பதிவான சாட்சியம் தமிழில்தான் இருக்கும். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கும் கேள்வியையும் சாட்சியின் பதிலையும் ஒரே வாக்கியமாக்கி எழுதுவது அங்குள்ள வழக்கம். “வழக்குச் சொத்து ஆரம்பம் முதல் பிரதிவாதியின் அனுபவத்தில்தான் இருந்து வருகிறது என்று சொன்னால் சரியல்ல” என்ற வரியில் சாட்சி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுத்திருக்கிறார். அதே பக்கத்தில் சற்றுக் கீழே “கிரயத்துக்குப் பிறகு நான் வரி கட்டவில்லை என்றால் சரிதான்” என்று வரும், அது ஒப்புதல். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் சுருக்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும். மேல்முறையீட்டுக் காரணங்களில் “சாட்சி ஒப்புக்கொண்டார்” என்று இருந்தால், அதை அப்படியே குறிப்பில் ஏற்றாமல் தமிழ் மூலத்தைப் பிரித்து வாக்கியம் எப்படி முடிகிறது என்று பார்ப்பதை நான் விதியாகவே வைத்துக்கொண்டேன். தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சேம்பர்களில் உள்ள பெரிய பலம் இது. ஆங்கிலப் பேச்சு தடுமாறுகிறதே என்று கூசுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தீர்ப்புகளைத் தேடுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெட்ராஸ் லா ஜர்னல் 1891-லிருந்து வருகிறது. சேம்பர் அலமாரியில் அதன் தொகுதிகளோடு எஸ்.சி.சி., சி.டி.சி. என்ற தீர்ப்புத் தொகுப்புகளும் இருக்கும், உச்ச நீதிமன்றம் 2023-இல் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். கருவிகளுக்குக் குறைவில்லை. குற்ற வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு பஜன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன, ரத்து செய்யத்தக்க ஏழு வகைகளையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. 1990-இல் வெளிவந்த அந்தத் தீர்ப்பு எல்லா நீதிபதிகளுக்கும் மனப்பாடம். எந்த வகையில் இந்த வழக்கு வருகிறது அல்லது வரவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அதைவிட, எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. உரிமையியல், குற்றவியல் வழக்குகளில் கொடுக்கப்படும் தடை ஆறு மாதத்தில் தானாகவே காலாவதியாகும் என்று ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் 2018-இல் சொல்லப்பட்டது. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்துவிட்டது. பழைய குறிப்பை நகலெடுப்பவர்கள் இதைக் கவனிக்கமாட்டார்கள். தொகுப்பில் தீர்ப்புக்கு மேலே அச்சிடப்படும் சுருக்கமான தலைக்குறிப்பை மட்டும் படித்து மேற்கோள் காட்டுவதும் ஆபத்தானது, ஏனென்றால் அதை எழுதியவர் பதிப்பாசிரியரே தவிர நீதிபதி அல்லர். இன்னொன்று: நாம் எந்தத் தரப்புக்கும் வழக்கறிஞர் அல்ல. நம் கருத்துக்கு எதிரான தீர்ப்பு கண்ணில் பட்டால் அதையும் குறிப்பில் வைத்தே ஆக வேண்டும்.

குற்றவியல் வழக்குகளில் புதிய சட்டங்கள் வேறு குழப்பத்தைக் கொண்டுவந்தன. 2024 ஜூலை 1 வரை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 528-ஆவது பிரிவுக்குப் போய்விட்டது, 482 என்ற எண்ணோ முன்ஜாமீனுக்கு வந்துவிட்டது. எண்ணை மட்டும் பார்த்துக் கட்டுகளைப் பிரித்தால் முன்ஜாமீன் மனு ரத்து மனுக்களோடு போய்ச் சேரும். குற்றம் நடந்த தேதியை முதலில் பார்த்து அதற்குரிய தண்டனைச் சட்டத்தையும், ஜூலை 1 அன்று நடவடிக்கை நிலுவையில் இருந்ததா என்று பார்த்து அதற்குரிய நடைமுறைச் சட்டத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பு எழுதும் முறைக்கு வருகிறேன். அதைப் படிப்பவர் ஒரே ஒருவர். அவருக்கு இருப்பது சில நிமிடங்கள். ஆகவே முதல் வரியில் வழக்கின் தன்மையும் கோரிக்கையும், அடுத்து எதிர்க்கப்படும் உத்தரவு, பிறகு தீர்மானிக்க வேண்டிய கேள்வி, அதன்பின் இரு தரப்பின் வாதமும் டைப்டு செட்டின் பக்க எண்ணோடு என்று எழுதிவிட்டு நிறுத்த வேண்டும். பக்க எண் இல்லாத எந்தத் தகவலும் நீதிபதிக்குப் பயன்படாது. வாதத்தின் நடுவே அவர் வழக்கறிஞரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்க வேண்டியிருக்கும். கட்டில் ஒரு ஆவணம் இல்லையென்றால் “இல்லை” என்று எழுத வேண்டும்; ஊகித்து நிரப்பக் கூடாது. நம் கருத்தை அவர் கேட்டால் மட்டுமே, கேட்டாலும் கடைசிப் பத்தியில், தனியாக எழுதுவது நல்லது. சில நீதிபதிகள் கருத்தைக் கேட்பதே இல்லை. சிலர் கேட்டு, எதிர்த்து வாதாடி, நம்மையே மறுபக்கம் பேசச் சொல்வார்கள். யாரிடம் எப்படி என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

உத்தரவுகளைச் சரிபார்க்கும் வேலை சிறியதாகத் தோன்றும், சிறியதல்ல. நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தர் எடுத்துத் தட்டச்சு செய்த வரைவு மாலையில் மேசைக்கு வரும். சர்வே எண், குற்ற எண், கட்சிக்காரர்களின் வரிசை, சட்டப் பிரிவு ஆகியவற்றைக் கட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, கடைசிப் பத்தியில் கூடுதலாக நேரம் செலவிட வேண்டும். எந்த அதிகாரி, என்ன செய்ய வேண்டும், எத்தனை வாரத்துக்குள், அந்தக் காலம் உத்தரவு தேதியிலிருந்தா அல்லது நகல் கிடைத்த தேதியிலிருந்தா, தொடர்புடைய இதர மனுக்கள் முடிக்கப்பட்டனவா, செலவுத் தொகை உண்டா என்ற எல்லாவற்றுக்கும் அங்கே விடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே வழக்கு விளக்கம் கேட்டு மறுபடியும் பட்டியலில் வந்து நிற்கும். 2022-இல் ஸ்டேட் பாங்க் எதிர் அஜய் குமார் சூட் வழக்கில், படித்துப் புரிந்துகொள்ள முடியாத ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, தீர்ப்பு எப்படி எழுதப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. அதைப் புதிதாகச் சேருகிறவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது. தோற்றவருக்குத் தான் ஏன் தோற்றோம் என்பது தெளிவாகப் புரியும்படி எழுத வேண்டும் என்பது எங்கள் நீதிபதி ஓயாமல் சொல்வது.

பாராட்டும் திட்டும் இந்த வேலையில் அரிதாகவே வரும். நேரமில்லை என்பதுதான் காரணம். நான் எழுதிக் கொடுத்த வரைவையும் கையெழுத்தாகி வெளியான உத்தரவையும் சேம்பரிலேயே அருகருகே வைத்து, எந்தப் பத்தி நீக்கப்பட்டது, எந்த வாக்கியம் பாதியாகச் சுருங்கியது, எந்த அடைமொழி அடிபட்டது என்று பார்ப்பதை வாரக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டேன். வேறு யாரும் கற்றுத்தந்திருக்க முடியாததை அந்த அடித்தல்கள் கற்றுத்தந்தன. அடைமொழிகள்தான் முதலில் போயின.

ஓரளவு கை பழகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் ரோஸ்டர் மாறும். எந்த நீதிபதி எவ்வகை வழக்குகளை விசாரிப்பது என்பதைத் தலைமை நீதிபதி சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியமைப்பார். நேற்று வரை இரண்டாம் மேல்முறையீடு, நாளை முதல் கல்வித் துறை ரிட் மனுக்கள். நீதிபதி மதுரைக் கிளைக்குச் சென்றால் வழக்கு எண்ணில் “எம்.டி.” என்ற குறியோடு வேறு மாவட்டங்களின் கட்டுகள் வந்து சேரும். புதிய ரோஸ்டர் அறிவிக்கப்பட்டதும் முன்பு அதைப் பார்த்த சேம்பரின் லா கிளார்க்கிடம் போய், அடிக்கடி வரும் வழக்கு வகைகள் எவை, ஒவ்வொன்றுக்கும் எந்த விதி, எந்த அரசாணை என்று கேட்டு வாங்கிவருவதுபோல் உதவுவது வேறில்லை. நீதிமன்ற அறையில் கட்டுகளைக் கையாளும் பெஞ்ச் கிளார்க்கிடமும் கேட்கலாம். எந்தக் கட்டு எங்கே நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

நடத்தை பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வளாகத்தின் கேன்டீனில் நண்பர்கள் சாதாரணமாகத்தான் கேட்பார்கள்: “ஐயா அந்த மேட்டர்ல என்ன நினைக்கிறாரு?” தெரியாது என்று சொன்னால் பொய்யாகிவிடும், சொல்ல முடியாது என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்று நினைப்பார்கள். சேம்பர் வேலையைப் பற்றி வெளியில் பேசுவதில்லை என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் தனித்தனியே மறுக்க வேண்டியதில்லை. வரைவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. முன்பு ஜூனியராக இருந்த அலுவலகத்தின் வழக்கோ உறவினரின் வழக்கோ பட்டியலில் இருந்தால், கட்டைத் தொடுவதற்கு முன்பே நீதிபதியிடம் சொல்லிவிட வேண்டும். தீர்ப்பு வெளியான பிறகும், அது எப்படி உருவானது என்பதைப் பற்றிப் பேசுவதற்கில்லை.

விடைபெறும்போது அடுத்தவருக்கு ஒரு குறிப்பேடு எழுதிவைத்தேன். நிலுவையில் தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்பட்ட வழக்குகளின் பட்டியல், எந்த வரைவு எந்த நிலையில் இருக்கிறது, குறிப்புகளுக்கு நீதிபதி விரும்பும் எழுத்தளவும் வரி இடைவெளியும், சென்ட்-ஏர் வாய்ப்பாடு, பழைய பிரிவுகளுக்கும் புதிய பிரிவுகளுக்குமான ஒப்பீட்டு அட்டவணை ஆகியவற்றோடு, அலமாரியில் எந்தத் தட்டில் எந்த ஆண்டுத் தொகுதி இருக்கிறது என்பதையும் அதில் சேர்த்திருந்தேன். புதிதாக வந்தவர் அதை வாங்கிப் புரட்டிவிட்டு, ரத்து மனுக்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று கேட்டார், காட்டிவிட்டு வந்தேன்.